உமிக்கரி போட்ட வயல்

அகேயோ அறுவடையின்போது பிறந்தவள். பெயருக்கு அர்த்தமே அதுதான். எங்கள் லூவோ சனம் பிள்ளைக்குப் பெயர் வைக்க மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. பிறந்த வேளை எதுவோ அதையே பெயராக்கிக் கூப்பிட்டுவிடும். அறுவடையில் பிறந்தவளுக்கு ஆயுசுக்கும் சோத்துக்குக் குறைவிருக்காது என்று அவள் தாய் எங்கள் பக்கத்து நியாகாச் ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தாளாம். அதே மகளை ஒகுட்டுவுக்கு இரண்டாந்தாரமாகக் கொடுக்கப்போகிறோம் என்று அந்தப் புண்ணியவதி அப்போது கண்டாளா என்ன.

ஒகுட்டு அஹேரோ நெல்வயல்களில் டிராக்டர் ஓட்டுகிறவன். நல்லவன். குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். ஆனால் இரண்டு பெண்டாட்டி கட்டியவனுக்குக் கட்டாயம் வேண்டிய தைரியம் மட்டும் அவனிடம் பொட்டுக்கூடக் கிடையாது. வளவின் நடுவில், வாசலைப் பார்த்தபடி இருப்பது மூத்தவள் அலுவோச்சின் வீடு. மூத்த மனைவியை மிக்காயி என்போம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அகேயோ அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். மிக்காயியோ இவளைப் பெயர் சொல்லி ஒருநாளும் அழைத்ததில்லை, 'நியாகாச்காரி'தான்.

எங்கள் வளவுகளில் விதைப்பு மிக்காயி கையால்தான் தொடங்கவேண்டும். முதல்நாள் இரவு புருஷன் அவள் வீட்டில் படுக்கவேண்டும், விடிந்ததும் அவள் முதல் விதையை மண்ணில் போடவேண்டும். பிறகு இளையவள், அதற்கும் பிறகு மகன்களின் பெண்டாட்டிகள். வரிசை தவறினால் சீரா பிடிக்கும். சீரா என்றால் உடம்பு உருகும், பிள்ளை வாடும், மாடு கன்று போடாது. நாங்கள் எல்லோரும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கைதட்டிப் பாடுவோம், மற்ற நாட்களில் சீராவுக்குப் பயப்படுவோம்.

அகேயோவுக்குப் பங்காகக் கிடைத்தது ஓடைப்பக்கத்துப் பள்ள வயல். மிக்காயி வேண்டாமென்று தள்ளியது. கோடையில் கால் புகுமளவுக்கு வெடிக்கும், மழையில் மிதித்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அதில் விளைந்த மக்காச்சோளத்தைப் பார்த்துக் கோழிகூடச் சிரிக்கும். அதையே வாங்கிக்கொண்டாள். இரண்டாந்தாரமாக வந்தவள் எந்த முகத்தோடு வயல் பேரம் பேசுவாள்?

உமிக்கரி சுடும் வேலைக்கு அவள் வந்தது மகளால்தான். நெல் மில்காரர்கள் உமியை மலைமலையாக ரோட்டோரம் கொட்டித் தீ வைத்துவிடுவார்கள். வாரக்கணக்கில் புகையும். அவள் சின்னமகள் அபிடோவுக்கு நெஞ்சு இழுத்தது. மூச்சு விடுவதற்குள் குழந்தையின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொள்ளும். ஒருநாள் அகேயோ பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மில்லுக்கே போய்ச் சண்டை போட்டாள்.

"புகை வேணாம்னா உமியை நீயே அள்ளிட்டுப் போ. உன் கையை யாரு புடிச்சா?" என்றான் மில்காரன்.

வீம்புக்குத்தான் சொன்னான். ஆனால் அந்த வருஷமே கார்பன் கம்பெனியிலிருந்து சிமியூ என்ற பையன் வந்து பெண்களைக் குழு சேர்த்தான். அவன் லூயா சாதி, எங்கள் பேச்சு அரைகுறை. சேரும்போது அவன் சொன்ன விளக்கத்தை இன்னும் நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

"நெல்லு வளரும்போது காத்துல இருக்கிற கரியை இழுத்து வச்சுக்குது. உமியை எரிச்சா அது திரும்பக் காத்துக்கே போயிடும். நாம எரிக்காம, மூச்சுமுட்டச் சுட்டுக் கரியாக்கி, மண்ணுல புதைச்சிட்டோம்னா ஆயிரம் வருஷத்துக்கு அசையாது."

"ஆயிரம் வருஷம் கழிச்சு யாருப்பா வந்து தோண்டிப் பாக்கப் போறா?" என்றாள் ஒருத்தி.

"அதெல்லாம் வேணாம்மா. புதைச்சதை நான் போட்டோ எடுத்து அனுப்பினா போதும், கம்பெனி உங்களுக்குப் பணம் குடுத்துடும்."

ஓட்டை போட்ட தகரக் குழாயை நட்டு, அடியில் சுள்ளி கொளுத்தி, சுற்றிலும் உமியைக் கூம்பாகக் குவிப்பார்கள். தீ எரியக்கூடாது, ஊரவேண்டும். கறுப்பு உள்ளிருந்து வெளியே வரும். முழுக்கக் கறுத்ததும் கிளறித் தண்ணீர் அடித்து அணைக்கவேண்டும். கொஞ்சம் அசந்தால் வெள்ளைச் சாம்பல், பட்ட பாடெல்லாம் காற்றோடு போச்சு. பிறகு அந்தக் கரியைச் சாணிக் கரைசலில் ஊறப்போட்டு வயலில் சாலடித்து மூடுவார்கள். அகேயோ இதில் பித்துப் பிடித்தவள்போல் இறங்கினாள். சாக்குச் சாக்காகச் சுமந்தாள். உள்ளங்கை ரேகையெல்லாம் கறுத்தது. ஊறிய கரிக்கு மண் மெல்ல இளகியது. வெடிப்பு குறைந்தது, ஈரம் நின்றது. போன விளைச்சலில் கதிர் அவள் முழங்கை நீளத்துக்கு வந்தது. மில் பக்கம் புகையும் குறைந்தது, அபிடோ ஓடி விளையாடினாள். கம்பெனி கொடுத்த பணத்தில் அவள் பெரிய மகனின் பள்ளிக்கூடமும் நின்றுபோகாமல் நடந்தது. அவளுக்கென்று இந்த உலகத்தில் ஒன்று உருப்பட்டதென்றால் அந்த வயல்தான். அதை அவள் பிள்ளையைப்போல் நேசித்தாள்.

கம்பெனியின் சட்டம் கறாரானது. சுட்ட கரியை அடுப்பில் போடக்கூடாது, விற்கக்கூடாது, மழைக்கு முன்னால் மண்ணுக்குள் போயாகவேண்டும், போனதை வெளியே எடுக்கவே கூடாது. ஒருத்தி மீறினாலும் குழு மொத்தமும் வெளியே. பக்கத்து ஊர்க் குழு கரியை உருண்டை பிடித்துச் சமையலுக்கு விற்று மாட்டிக்கொண்டதிலிருந்து இப்படி.

இந்த வருஷம் மழை வருகிற நேரத்தில் மிக்காயியின் தம்பி அவள் பிறந்த ஊரான அலேகோவில் செத்துப்போனார். எங்கள் பக்கம் சாவு என்றால் லேசில் முடியுமா? அவள் போனவள் போனவள்தான். இங்கே சிமியூ போட்டோவுக்கு நாள் குறித்துவிட்டான். கரி ஊறிக் கிடக்கிறது, மேகம் கறுக்கிறது. அகேயோ புருஷனுக்குச் சோறு வைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, அக்கா இல்லாதப்ப நான் மண்ணுல கை வைக்கலாமா?"

ஒகுட்டு உகாலிக் களியை உருட்டி, பொடிமீன் குழம்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டான். "கரி என்ன விதையா, முளைக்கறதுக்கு? போடு, போடு."

போட்டாள். மக்காச்சோளம் வரவேண்டிய இடத்தில் சால் சாலாகக் கீறி, கரியைக் கொட்டி, மூடினாள். சிமியூ போட்டோ எடுத்துக்கொண்டு போனான். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது.

ஒரு காலையில் மிக்காயியின் மூத்த மருமகள் பமேலா வேலியோரம் நின்று கூப்பிட்டாள். "சின்னத்தே, சோளம் எப்ப விதைச்சீங்க? எங்ககிட்டச் சொல்லவேயில்லையே."

கிண்டல் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனாள் அகேயோ. வயலைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கறுப்புச் சால் ஒவ்வொன்றிலும், கயிறு பிடித்து விதைத்ததுபோல, நேர் நேராகச் சோளம் முளைத்து நின்றது.

எப்படி என்று அவளுக்கு உடனே விளங்கியது. கோடையில் மிக்காயியின் செவலைப் பசு அவளுடைய தானியக் குதிர் ஒன்றை முட்டிச் சாய்த்துச் சோளத்தை வயிறு முட்டத் தின்றிருந்தது. அந்தத் தொழுவத்துச் சாணியைத்தான் கரைசலுக்கு அள்ளினாள். மாட்டு வயிற்றில் அரையாமல் வந்த சோளம் கரியோடு ஊறி, கரியோடு சாலில் போய், மழைக்கு முளைத்துவிட்டது. விளங்கி என்ன பிரயோசனம்? மிக்காயிக்கு முன்னால் இளையவள் வயலில் பயிர் நிற்கிறது. ஊர் கண் அதைத்தான் பார்க்கும். அவளே அதைத்தான் பார்த்தாள்.

மறுநாள் மிக்காயி வந்து இறங்கினாள். சாவுவீட்டுச் சேலையை மாற்றாமல் நேரே பள்ள வயலுக்குப் போனாள். வரப்பில் நின்று பார்த்தாள். திரும்பி வந்து மண்வெட்டியை எடுத்துக் கூரைக்கட்டையில் சொருகினாள்.

"இந்த வருஷம் இது கீழ எறங்காது" என்றாள். "முதல் விதை விழுந்தாச்சு. நான் எதுக்கு?"

அவ்வளவுதான். அவள் விதைக்காமல் வளவில் யாரும் விதைக்க முடியாது. சுற்றியிருந்த வளவுகளில் எல்லாம் மக்காச்சோளம் இரண்டு இலை விட்டது, மூன்று இலை விட்டது. இவர்கள் வயல் மட்டும் சேறாகிக் கிடந்தது. நல்ல மழை வீணாகப் பெய்து ஓடையில் ஓடியது. மருமகள்கள் கதவோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்தார்கள், பிறகு அகேயோவைப் பார்த்தார்கள். பமேலாவின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மழைக்காலத்தில் எந்தக் குழந்தைக்குத்தான் காயாது? ஆனால் பமேலா கிணற்றடியில் எல்லோர் காதிலும் விழும்படி, "சிலபேருக்குக் கதிரு நீளமா வந்தாப் போதும், அடுத்தவ புள்ளை எக்கேடு கெட்டா என்ன" என்றாள். அகேயோ குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன்னால்தான் என்று அவளும் நம்பினாள். அதுதான் கொடுமை. பொய் என்று அடித்துச் சொல்லவும் அவளால் முடியவில்லை.

"முளைச்சதையெல்லாம் புடுங்கிப் போட்டுடறேன்" என்றாள் புருஷனிடம்.

"புடுங்கினா விதைக்காதது ஆயிடுமா?" என்றான் அவன். இந்த ஞானம் சோறு தின்னும்போது எங்கே போயிருந்ததோ.

ஒகுட்டுவின் பெரியப்பாமார் கூடினார்கள். டீயைக் குடித்துவிட்டு ஒரு வழி சொன்னார்கள்: அந்த வயலின் மேல்மண்ணைச் சாண் ஆழத்துக்கு, கரியும் சோளமுமாகச் சுரண்டி ஓடைக்கு அப்பால் கொட்டவேண்டும். விழுந்த விதை வளவைவிட்டுப் போய்விட்டால் கஷாயம் குடித்துச் சரிசெய்யலாம்.

அகேயோ மழையில் நனைந்துகொண்டு சிமியூவைத் தேடிப் போனாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எடுக்கக்கூடாதும்மா. அந்த வயலை மேலேயிருந்து படம் புடிச்சு வச்சிருக்காங்க. கரியை எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சா உங்க குழுவையே தூக்கிடுவாங்க. ஏன், சோளம் முளைச்சா நல்லதுதானே?"

அவனுக்கு என்னவென்று சொல்வாள்? அவள் வீடு திரும்புமுன் செய்தி போய்விட்டது. குழுப் பெண்கள் வாசலில் காத்திருந்தார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "உன் கையிலதான் இருக்கு, அகேயோ. எங்க புள்ளைங்களும் படிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மண்ணை எடுத்தால் குழு போகும். எடுக்காவிட்டால் வளவு பட்டினி கிடக்கும். பிறந்த வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தாள். இவளுக்குப் பரிசமாக வந்த மாடுகளை ஓட்டிக்கொடுத்துத்தான் அண்ணன் பெண்டாட்டி கட்டினான். அந்தப் பெண்டாட்டி இவளை வாசலில் நிற்கவிடுவாளா? போனாலும் பிள்ளைகள் இங்கேதான் இருக்கவேண்டும், அவை ஒகுட்டுவின் பிள்ளைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். உகாலி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பை வைத்துவிட்டு, அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள். அபிடோ வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கடைசியில் மிக்காயியே எல்லோரையும் கூப்பிட்டனுப்பினாள். அவள் வீட்டு முன்னால் பெரியப்பாமார் நாற்காலியில், ஒகுட்டு முக்காலியில், மருமகள்கள் பாயில். அகேயோ நின்றாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"நியாகாச்காரி, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றாள் மிக்காயி. குரலில் கோபமே இல்லை. "கரியில கரைச்ச சாணி யார் மாட்டுச் சாணி?"

"உங்க செவலையோடது, அக்கா."

"அது தின்ன சோளம்?"

"உங்க குதிருச் சோளம்."

"நீ உன் கையால விதை எடுத்துப் போட்டியா?"

"சத்தியமா இல்லக்கா."

"அப்ப அந்தச் சோளத்தை விதைச்சது யாரு?"

பெரியப்பாமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மூக்குப்பொடியை விரலிலேயே வைத்துக்கொண்டு உறைந்துவிட்டார். அகேயோவுக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இந்த அம்மாள் தன்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

"நீங்கதான், அக்கா" என்றாள். "உங்க விதை. நீங்க விதைச்சதுதான்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? வரிசை தப்பல. மிக்காயிதான் முதல்ல விதைச்சிருக்கா." மிக்காயி சேலைத் தலைப்பை இழுத்து மடியில் சேர்த்தாள். "சரி. மிக்காயி முதல் விதையை எந்த வயல்ல போடுவா?"

"உங்க வயல்லதான்" என்றாள் அகேயோ. சொல்லி முடித்த பிறகுதான் பேச்சு எங்கே போகிறது என்று அவளுக்கு உறைத்தது.

"அப்ப அந்தப் பள்ள வயலு யாரோடது?"

ஒகுட்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது சொல்வான் என்று அகேயோ அவனையே பார்த்தாள். அவன் கட்டைவிரலால் மண்ணைக் கீறினான். பமேலா குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டாள், அது முனகியது.

"சொல்லு. உன் வாயால வந்தாத்தான் செல்லும்" என்றாள் மிக்காயி.

"உங்களோடது" என்றாள் அகேயோ.

பாயிலிருந்து பமேலா குலவை போட்டாள். மற்ற மருமகள்களும் சேர்ந்துகொண்டார்கள். பெரியப்பாமார், "அப்படிச் சொல்லு, இதுக்குத்தான் வீட்டுல மிக்காயி வேணும்கிறது" என்று தொடையைத் தட்டிக்கொண்டார்கள். மண்ணை யாரும் தொடவேண்டியதில்லை. குழு தப்பித்தது, வளவு தப்பித்தது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. தன் முகத்தில் என்ன இருக்கிறது என்று அகேயோவுக்குத் தெரியவில்லை. பதிலுக்கு, மிக்காயியின் மேட்டு வயல் இனிமேல் இவளுக்கு. அங்கே சுடுமல்லி மண்டிக் கிடந்தது. பார்க்க அழகான பூ. சோளத்து வேரில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சிச் சாகடிக்கும் சனியன்.

கூட்டம் கலைந்ததும் மிக்காயி அவள் அருகில் வந்தாள். கிட்டத்தில் பார்த்தால் ரொம்பக் களைத்துப்போன முகம்.

"என்னைத் திட்டாத, நியாகாச்காரி. வந்த நாள்லேர்ந்து நான் அந்தச் சுடுமல்லியைப் புடுங்கிட்டு இருக்கேன். இந்த முதுகுல இனிமே ஒண்ணுமில்ல. கொஞ்ச நாளு நீ புடுங்கு."

அகேயோ எதைச் சொல்லித் திட்டுவாள்? அவள் சொன்னதில் எது பொய்?

அன்று ராத்திரி ஒகுட்டு போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோர்ட்டுக்குப் போகிறவன்போல் மிக்காயி வீட்டுக்குப் போனான். விடிந்ததும் மிக்காயி பள்ள வயலில் சோள வரிசைகளுக்கு நடுவே மக்காச்சோளம் போட்டாள். இரண்டாவதாக அகேயோ மேட்டு வயலில் போட்டாள். அதற்குப் பிறகு மருமகள்கள். பமேலாவின் குழந்தைக்கு மறுநாளே காய்ச்சல் விட்டுவிட்டது. அதற்கு அகேயோ உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள்.

மழை ஓய்ந்து அடுத்த உமி வந்த சமயம் அவள் சிமியூவிடம் கேட்டாள். "இனிமே சுடற கரியை மேட்டு வயல்ல போடறேன். அதை எழுதிக்கோ தம்பி. அந்த மண்ணைத் தேத்திக்காட்டறேன்."

சிமியூ போனைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "முடியாதும்மா. உங்க பேருல கம்பெனி ஏத்துக்கிட்டது பள்ள வயலைத்தான். ஒப்பந்தம் முடியற வரைக்கும் கரி அங்கதான் போகணும். புது வயலைச் சேக்கறது இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்காங்க. வயலு யாரோடதா இருந்தா என்ன, கரி போய்ச் சேந்தா சரி."

"நான் நின்னுட்டா?"

"நின்னீங்கன்னா…" அவன் குழுப் பெண்கள் பக்கம் பார்த்தான். அவர்கள் உமி குவிப்பதை நிறுத்திவிட்டு அகேயோவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் குழாயை நட்டுச் சுள்ளியைக் கொளுத்தினாள். உமி கறுத்தது, தண்ணீர் அடித்தாள், ஊறப்போட்டாள். ஊறிய கரியைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது மேட்டு வயலைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. அங்கே அவள் போட்ட மக்காச்சோளம் வெளுத்துக் குட்டையாக நின்றது, நடுவில் சுடுமல்லி பூத்திருந்தது. சாக்கிலிருந்து கறுப்புத் தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் வழிந்தது. ஒரு கைப்பிடி, ஒரே ஒரு கைப்பிடி இங்கே உதறிவிட்டால் என்ன என்று நின்றாள். பள்ள வயல் வரப்பில் மிக்காயி முக்காலி போட்டு உட்கார்ந்து இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா வா" என்று கையசைத்தாள் மிக்காயி. "அந்த ஓரத்துச் சாலுக்குப் போன தடவை கரி பத்தல. இந்தத் தடவை அங்கேருந்து ஆரம்பி."

"சரிக்கா" என்று சொல்லி அகேயோ இறங்கிப் போனாள்.